முகமறிதலும் கப்கிரா நோய்க்குறியும்

தெரிந்தவரின் முகத்தை அடையாளம் காண்பதும், 'இவர் நம்மவர்' என்று உணர்வதும் ஒரே செயலாகத் தோன்றும். ஆனால் மூளையில் அவை வெவ்வேறு வழிகளில் நடைபெறுகின்றன. இது பெரும்பாலும் மூளையில் காயமுற்றவர்களை ஆராய்ந்ததால் தெரியவந்தது.

1947இல் ஜெர்மானிய நரம்பியலாளர் யோவாகிம் போதாமர், தலையில் குண்டடிபட்ட ஒருவருக்கு உறவினர் முகங்களோடு தம் முகத்தையும் அறிய இயலாததைப் பதிவுசெய்து, அக்குறைக்குப் 'புரோசோபக்னோசியா' எனப் பெயரிட்டார்.

கப்கிரா நோய்க்குறி இதற்கு நேர்மாறானது. பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் கப்கிரா 1923இல் இதை விவரித்தார். நோயாளி முகத்தை அறிகிறார். ஆனால் எதிரில் நிற்பவர் அதே சாயலுள்ள போலி என்று நம்புகிறார். 1990இல் எல்லிஸ், யங் ஆகியோர், முகத்தோடு எழவேண்டிய உணர்ச்சி எழாததே இதற்குக் காரணமாகலாம் என்றனர்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டைனுடன் இணைந்து 1997இல் அத்தகைய ஓர் இளைஞரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். விபத்தில் தலையில் அடிபட்ட அவ்விளைஞர் பெற்றோரைப் போலிகள் என்றார். தொலைபேசியில் பேசும்போது மட்டும் பெற்றோராகவே ஏற்றார். தெரிந்த முகங்களைக் காணும்போது இயல்பாக உயரும் தோலின் மின்கடத்துதிறன் அவரிடம் உயரவில்லை. முகமறியும் பகுதிக்கும் உணர்ச்சிக்குரிய அமிக்டலாவுக்கும் இடையிலான தொடர்பு துண்டிக்கப்பட்டிருக்கலாம் என இருவரும் விளக்கினர். குரலுக்குரிய வழி பழுதுபடாததால், செவி ஏற்றவரைக் கண் மறுத்தது.