ஒரே தோற்றம், வேறு வீரியம்: கொட்டியாரக்குடாவில் தொடங்கும் ஒரு கஞ்சா ஆய்வு வரலாறு

கஞ்சாச் செடியைப் பார்த்தே அதன் வீரியத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பழையது. இலை அகலம், பூவின் நிறம், பிசினின் ஒட்டும் தன்மை, மணம் என அதற்குப் பல அடையாளங்கள் கூறப்படுகின்றன. இந்த நம்பிக்கை எங்கே சரி, எங்கே பிழை என்பதை அறிவியல் தெளிவுபடுத்த ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றின் முதல் ஏடுகளில் ஒன்று திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே, மகாவலி கங்கை கடலில் கலக்கும் கொட்டியாரக்குடாவில் தொடங்குகிறது.

சோழமண்டலக் கரையில் புயலில் சிக்கிப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், பழுதுபார்ப்பதற்காக இக்குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும், அவர் மகன் றொபேட் நொக்ஸையும், கூட வந்தோர் சிலரையும் சிறைப்பிடித்தனர். தந்தை மறு ஆண்டே இறந்தார். மகன் 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' எனப்பட்ட புளியமரத்தடியில் 1893இல் நாட்டப்பட்ட கல் இந்தச் சிறைப்பிடிப்பைக் குறிக்கிறது.

நொக்ஸ் 1681இல் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலில் ஒரு சிறு குறிப்பு உண்டு. வடக்கே வறண்ட காட்டுவழிகளில் கெட்ட குளத்து நீரைக் குடித்து நோயுற்றபோது, போர்த்துக்கேய மொழியில் 'பங்கா' எனப்படும் உலர்ந்த கஞ்சா இலையைப் பொடித்து, கருப்பட்டியுடன் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்டு குணமடைந்ததாக அவர் எழுதுகிறார். தலை கிறுகிறுக்கும் என்பதையும் மறைக்கவில்லை. நொக்ஸ் கடலோடி என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அக்கால ஐரோப்பியக் கப்பல்களின் வடமும் பாயும் பெரும்பாலும் நார்க்கஞ்சாவால் ஆனவை. கப்பலில் கயிறாக அவர் கைபட்ட செடியின் உறவே காட்டில் மருந்தாகக் கிடைத்தது.

நொக்ஸ் கொடுத்த செய்தியையும் பொருளையும் கொண்டு, அவருடைய நண்பரான இயற்கை அறிஞர் றொபேட் ஹூக், 1689 டிசம்பர் 18ஆம் நாள் இலண்டன் ரோயல் சங்கத்தில் உரையாற்றினார். அந்த உரையில் மூன்று கருத்துகள் முக்கியமானவை. விதை, இலை, தண்டு, பூ அனைத்திலும் இச்செடி ஐரோப்பிய நார்க்கஞ்சாவை ஒத்தது. அதை இந்திய நார்க்கஞ்சா என்றே சொல்லலாம். அடுத்து, விதைகளை இங்கிலாந்தில் விதைத்து, முளைத்த செடிக்கும் அதே குணம் இருக்குமா எனச் சோதிக்க எண்ணியிருந்தார். மூன்றாவதாக, கைவசம் இருந்த சரக்கைச் சிலர் உட்கொண்டு பார்த்தும் எந்த விளைவும் தெரியவில்லை. அது குணத்தை இழந்திருந்தது.

தோற்றம் ஒன்று, குணம் வேறு என்ற புதிரை அவர் நேர்மையாகப் பதிந்துவைத்தார். செயல் தராத சரக்கையும் மறைக்காமல் சபைமுன் வைத்ததே இந்த உரையின் பெருமை என்பது என் கருத்து.

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் எல்லாக் கஞ்சாவையும் 'சட்டைவா' என்ற ஒரே இனமாக்கினார். 1785இல் லமார்க், இந்தியச் செடிக்கு 'இண்டிகா' எனத் தனி இனப்பெயர் கொடுத்தார். அவர் சொன்ன அடையாளங்களில் ஒன்று ஒடுங்கிய சிற்றிலை. இன்று சந்தையில் 'இண்டிகா' என்றால் அகன்ற இலை என்று பொருள். ஒரே பெயர் இரண்டு எதிரான தோற்றங்களுக்கு வழங்குகிறது. அப்படியிருக்க, பெயரையும் இலையையும் வைத்து வீரியத்தை எப்படி அளப்பது?

19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் ஆய்ந்த வில்லியம் ஓஷாக்னசி (1839), வேறுபாட்டுக்குத் தட்பவெப்பமே காரணம் என்று கருதினார். ஆனால் வங்காளத்து நவுகாவ் உழவர்களின் கைப்பழக்கம் வேறொன்றை அறிந்திருந்தது. பூக்கும் பருவத்தில் 'பொத்தார்' எனப்பட்ட கைதேர்ந்தவர்கள் வயலில் நடந்து ஆண்செடிகளை இனங்கண்டு பிடுங்கிவிடுவர்; விதை கட்டாத பெண்பூவில் பிசின் மிகும். டேவிட் பிரெய்னின் 1893ஆம் ஆண்டு அறிக்கையும், அதே காலத்து இந்தியக் கஞ்சா ஆணைக்குழுவும் இதைப் பதிவு செய்துள்ளன. கண்ணுக்கு இங்கே மெய்யான வேலை உண்டு: ஆணா பெண்ணா, விதை உண்டா இல்லையா, பருவம் முற்றிற்றா என்பதை அது காணும். ஆனால் அந்தப் பிசினுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காணாது.

உள்ளிருப்பதைக் காட்டியது வேதியியல். 1964இல் கவோனியும் மெக்கூலமும் டீ.எச்.சி. என்ற போதைச் சேர்மத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அது பெண்பூவின் நுண்ணிய பிசின் சுரப்பிகளில் அமில வடிவில் உருவாகி, சூட்டாலும் உலர்த்தலாலும் செயல்வடிவம் பெறுகிறது. அதே சுரப்பி, போதை தராத சீ.பீ.டீ.யையும் சுரக்கலாம். எது மிகும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது என்று 2003இல் டி மைஜர் குழுவினர் காட்டினர். இரண்டில் எது மிகுந்த பூவானாலும் வெள்ளைப் பனி படர்ந்ததுபோல ஒன்றாகவே மினுங்கும். ஊதா நிறம் அந்தோசயனின் நிறமியால் வருவது. மணம் டெர்பீன்களால் வருவது. இரண்டும் டீ.எச்.சி. அளவைச் சொல்வதில்லை.

ஓஷாக்னசியின் கருத்துக்கும் விடை கிடைத்தது. 1970களில் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மோல் பல நாட்டு விதைகளைக் கனடாவின் ஒட்டாவாவில் ஒரே இடத்தில் வளர்த்தபோதும் வேறுபாடுகள் நீடித்தன. 1976இல் அவரும் குரோன்குவிஸ்டும் நார்ச்செடிக்கும் போதைச்செடிக்கும் இடையே 0.3 வீத டீ.எச்.சி. என்ற கோட்டை வரைந்தனர். பின்னாளில் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்றுக்கொண்ட அந்தக் கோட்டை ஆய்வுக்கூடத்தால்தான் காட்ட முடியும்.

ஹூக்கின் சரக்கு ஏன் செயலற்றுப்போனது? காற்றும் வெளிச்சமும் வெப்பமும் படும்போது டீ.எச்.சி. நாளடைவில் வலுக்குன்றிய கன்னாபினோலாக மாறும். இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ மாதக்கணக்கில் கடல்வழி போன பொடிக்கு அதுவே நேர்ந்திருக்கக்கூடும். இலை இலையாகவே இருக்கும், வீரியம் போயிருக்கும்.

ஹூக் 1703இல் மறைந்தார். அவ்வுரை 1726இல்தான் அச்சேறியது. மூதூர்ப் புளியமரத்தின் கதையைச் சொல்லும் நம் வரலாற்று நூல்கள் சிறைப்பிடிப்போடு நின்றுவிடுகின்றன. திருகோணமலை வரலாற்றை எழுதுவோர் அந்த டிசம்பர் உரையையும் அதனோடு சேர்த்துப் பதிய வேண்டும்.