கற்பிக்கச் சென்றவர் கற்றது



பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் வரலாற்று ஆசிரியனாக இருந்த காலத்தில், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் இருபது பேரை அழைத்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கு அருகிலிருந்த ஒரு நெருக்கமான குடியிருப்புக்குச் சென்றேன். தண்ணீரைக் காய்ச்சிப் பருக வேண்டும் என்று அங்குள்ளோருக்கு எடுத்துரைப்பதே எங்கள் நோக்கம். மாணவன் ஒருவன் அழகாகப் பேசினான். பேச்சு முடிந்ததும் ஒரு மூதாட்டி எழுந்தார்.

"தம்பி, எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும், தெரியுமா?"

எங்களுள் ஒருவருக்கும் தெரியவில்லை.

"இராத்திரி இரண்டு மணிக்கு. வீட்டுக்கு இரண்டு குடம். அதைக் காய்ச்ச விறகு வாங்குவதா, அரிசி வாங்குவதா என்பதையும் நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள்."

அன்று நான் தலைகுனிந்து திரும்பினேன். எங்களைப் போலவே கற்பிக்கச் சென்று, கற்றுத் திரும்பிய மாணவர்களின் வரலாறு ஒன்று அன்றிரவு என் நினைவுக்கு வந்தது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் உலகின் பெருஞ்செல்வ நகரமாக விளங்கியது. ஆனால் அதன் கிழக்குப் பகுதியில் துறைமுகக் கூலிகளும் தையல் தொழிலாளரும் ஒற்றை அறையில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தனர். 1873-இல் அங்குள்ள வைட்சாப்பல் பகுதிக்குச் சமயகுருவாக வந்தவர் சாமுவேல் பார்னெட். அவரும் அவர் மனைவியார் ஹென்ரியெட்டாவும் பத்தாண்டுகள் அம்மக்களோடு வாழ்ந்து ஓர் உண்மையைக் கண்டனர். ஏழைகளுக்குப் பணம் அனுப்பினால் மட்டும் போதாது. படித்தவர்கள் அவர்களுக்கு அண்டை வீட்டாராக வந்து வாழ வேண்டும். கற்பிக்க மட்டுமன்றிக் கற்கவும் வர வேண்டும் என்பதே அது. 1883-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவரிடையே இக்கருத்தைப் பார்னெட் எடுத்துரைத்தார். மறு ஆண்டே, 1884-இல், வைட்சாப்பலில் 'டாயின்பி ஹால்' தோன்றியது. முப்பது வயதில் மறைந்த வரலாற்று அறிஞர் ஆர்னால்டு டாயின்பியின் நினைவாக அப்பெயர் இடப்பெற்றது.

ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற இளைஞர்கள் அங்கே தங்கினர். 1942-இல் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புக்கு வழிகாட்டும் அறிக்கையை அளித்த வில்லியம் பெவரிட்ஜும், 1945-இல் அந்நாட்டுப் பிரதமரான கிளெமண்ட் அட்லியும் இளமையில் அங்குப் பணியாற்றியவர்களே. வறுமை என்பது அவர்களுக்கு ஏட்டில் மட்டும் கண்ட சொல்லன்று. எதிர்வீட்டில் கண்ட காட்சியுமாகும்.

1888-இல் டாயின்பி ஹாலைக் காண அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அவர் பெயர் ஜேன் ஆடம்ஸ். மறு ஆண்டு செப்டம்பரில், தம் 29-ஆம் வயதில், தோழியார் எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் 'ஹல் ஹவுஸ்' என்னும் இல்லத்தைத் தொடங்கினார். கல்லூரிப் படிப்பு முடித்த பெண்கள் பலர் அங்கு வந்து குடியேறினர். சுற்றிலும் இத்தாலியர், ஐரிஷ்காரர், யூதர் எனப் பல நாட்டவர் பிழைப்பைத் தேடி வந்து வாழ்ந்தனர்.

அவ்வில்லத்தின் முதல் கிறிஸ்துமஸ் விழாவில் சிறுமியர்க்கு மிட்டாய் வழங்கினர். சில சிறுமியர் வாங்க மறுத்துவிட்டனர். விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் ஆறு வாரமாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை வேலை செய்தவர்கள். மிட்டாயைக் காணவே அவர்களுக்குப் பிடிக்கவில்லை! எந்தக் கல்லூரியும் கற்றுத் தராத பாடத்தை அச்சிறுமியர் கற்றுத் தந்தனர். அவ்வில்லத்தில் தங்கியிருந்த புளோரன்ஸ் கெல்லி முதலியோர் தொழிற்கூடங்களை ஆராய்ந்து, சட்டம் வேண்டுமென்று போராடினர். 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலை வேலையில் வைப்பதைத் தடுக்கும் சட்டம் இலினாய் மாநிலத்தில் 1893-இல் பிறந்தது.

அவ்வாண்டிலேயே வீடு வீடாகச் சென்று விவரங்கள் திரட்டப்பெற்றன. இன்ன வீட்டில் எந்நாட்டவர் வாழ்கின்றனர், அவர்தம் வாரக்கூலி எவ்வளவு என்பவற்றை வண்ணமிட்டுக் காட்டும் வரைபடங்கள் 1895-இல் நூலாக வெளிவந்தன.

அடுத்துக் குப்பையின் கதையைக் கேளுங்கள். அப்பகுதியின் சந்துகளில் குப்பை மலைபோல் குவிந்து கிடந்தது. மக்களின் அறியாமையே காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் ஹல் ஹவுஸ் மகளிர் சங்கத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்கள், பகலெல்லாம் வீட்டுவேலை செய்து களைத்த பின்னரும், இல்லத்தாருடன் மாலைவேளைகளில் சந்து சந்தாகச் சென்று ஆராய்ந்தனர். இரண்டே மாதங்களில் 1037 முறைகேடுகள் சான்றுடன் சுகாதாரத் துறைக்கு அனுப்பப்பெற்றன. நகர்ச் சுகாதாரச் சட்டத்தை அப்பெண்கள் கற்றனர். குப்பை வண்டி ஒழுங்காக வராத தெருவில் வாழ்வது எத்தகையது என்பதைப் படித்தவர்கள் கற்றனர். 1895-இல் ஜேன் ஆடம்ஸ் அவ்வட்டாரத்தின் குப்பை மேற்பார்வையாளராக நியமிக்கப்பெற்று, காலை ஆறு மணிக்கே வண்டிகளின் பின்னால் சென்றார். ஒரு குறுந்தெருவில் 18 அங்குலக் குப்பைக்கு அடியில் கல் பாவிய தளம் ஒன்று இருந்ததைக் கண்டார்கள்!

தவறுகளும் நேர்ந்தன. அவற்றை மறைப்பது வரலாறு ஆகாது. 1902-இல் அங்கு டைபாய்டு காய்ச்சல் பரவியது. நகர மக்களுள் 36-இல் ஒரு பங்கினரே வாழ்ந்த அவ்வட்டாரத்தில், அந்நோயால் நகரில் நேர்ந்த சாவுகளில் ஆறில் ஒரு பங்கு நிகழ்ந்தது. இல்லத்தில் தங்கியிருந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்து, கழிவுநீர்க் கேட்டையும் ஈக்களையும் காரணமாகக் காட்டினார். அறிஞர் உலகம் அவரைப் பாராட்டியது. ஆனால் நீரேற்று நிலையத்தில் நேர்ந்த ஓர் உடைப்பால் குடிநீர்க் குழாயில் சாக்கடை நீர் கலந்திருந்தது என்பதும், அச்செய்தி மறைக்கப்பட்டிருந்தது என்பதும் பின்னர் அவருக்குத் தெரியவந்தன. 1943-இல் எழுதிய தன்வரலாற்றில் அவர் இதனை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அவ்வட்டாரத்தைக் கண்ணால் கண்டவர்க்கும் உண்மை முழுதாகப் புலப்படவில்லை என்றால், காணாமலே பேசுவோர் நிலை என்ன?

மாணவர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஏடு வீண் என்பது அதன் பொருளன்று. ஏட்டோடு தோட்டத்துக்கும் செல்ல வேண்டும் என்பதே நான் கொள்ளும் பொருள்.

மறுவாரம் நாங்கள் மீண்டும் அம்மூதாட்டியின் தெருவுக்குச் சென்றோம். இம்முறை அறிவுரை கொண்டு செல்லவில்லை. வெற்றுக் குறிப்பேடு கொண்டு சென்றோம். தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், நிறைந்த குடங்கள் ஆகியவற்றை அத்தெருவினர் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதினர். விண்ணப்பத்தின் முதல் கையொப்பத்தை அம்மூதாட்டியே, எழுத்துக் கூட்டி, இட்டார். குழாய் உடனே திருந்திவிடவில்லை. நான் திருந்தினேன்.

உங்கள் கல்லூரி மதிலுக்கு அப்பாலும் ஒரு தெரு இருக்கும். அங்கே செல்லும்போது, முதலில் சொல்லாதீர்கள், கேளுங்கள்.