அளவுகோலும் தாய்மொழியும்

பிள்ளைகளுக்கான உளவியல், கல்வி மதிப்பீடுகளைப் பற்றி எழுதுமாறு பெற்றோர் சிலர் கேட்டிருந்தனர். எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்பதைப் பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள். இப்பதிவில் நான் எழுத விழைவது வேறொன்று: இம்மதிப்பீடுகளின் வரலாற்றில் நம் தமிழுக்கு என்ன நேர்ந்தது என்பது.

தொடக்கம் பாரிஸ் நகரில். பள்ளிப் பாடங்களோடு ஈடுகொடுக்க இயலாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று ஆராய 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இருந்த ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோனுடன் இணைந்து 1905இல் முப்பது பணிகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். அறிவாற்றல் என்றும் மாறாத ஓர் அளவு என்ற எண்ணத்தை 1909இல் வெளிவந்த தம் நூலில் அவர் வன்மையாக மறுத்தார். 1911இல் அவர் மறைந்தார். பிறகு அளவுகோல் கைமாறியது. 1916இல் அமெரிக்காவில் டெர்மன் அதைத் திருத்தியமைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண்ணைச் சூட்டினார். கோடார்ட் என்பவரோ, கப்பலில் நியூயார்க் வந்திறங்கிய குடியேறிகளை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் சோதித்து, அவர்களுள் பலரை மந்தபுத்தியினர் என்று முடிவுகட்டினார். மொழி தெரியாமையும் அறிவின்மையும் ஒன்றாக எண்ணப்பட்ட இடம் அது.

இனி சிங்கப்பூர். துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் அறிக்கை 1979இல் வெளியானது. பள்ளிப் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினர் வீட்டில் பேசாத மொழிகளில் கற்கிறார்கள் என்று அது சுட்டியது. நோயை அறிந்ததில் பிழையில்லை என்பேன். மருந்துதான் கடுமையானது. மூன்றாம் வகுப்பு முடிவில் பிள்ளைகள் தரம் பிரிக்கப்பட்டனர். மிகவும் பின்தங்கியவர்கள் ஒருமொழிப் பிரிவுக்குச் சென்றனர். அங்கே தாய்மொழி பேச்சளவில் நின்றது. ஒன்பது வயதில் எழுதிய தேர்வு, ஒரு பிள்ளை தமிழ் எழுதக் கற்குமா என்பதைத் தீர்மானித்தது!

1991 மறுஆய்வுக்குப் பின் தரம் பிரித்தல் நான்காம் வகுப்புக்குத் தள்ளிப்போனது. இஎம்1, இஎம்2, இஎம்3 என்ற பெயர்கள் வந்தன. இஎம்3 பிள்ளைகளின் தாய்மொழிப் பாடத்தில் கேட்டலும் பேசுதலுமே முதன்மை பெற்றன. 2008இல் அம்முறை நீங்கி, பாட அடிப்படையிலான வகைப்பாடு வந்தது. கணிதத்தில் தடுமாறும் பிள்ளை தமிழை வழக்கமான நிலையிலேயே படிக்கலாம் என்றானது நமக்குப் பெரும் ஆறுதல்.

ஆயினும் பழைய வழக்கம் வேறு வாசல் வழியாகத் தொடர்கிறது. கற்றல் இடர்ப்பாடுள்ள பிள்ளைக்கு, உளவியலாளர் அறிக்கையின் துணையுடன் தாய்மொழி விலக்குக் கோரலாம். சில பிள்ளைகளுக்கு அது தேவையே. அதை நான் மறுக்கவில்லை. விலக்குப் பெற்றாலும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தாய்மொழிக்கென 6 முதல் 8 வரையிலான ஓர் அடைவுநிலை வழங்கப்படுகிறது என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்: 1979 முதல் இன்றுவரை, ஒரு பிள்ளைக்குச் சுமை அதிகம் என்று தோன்றியதும் முதலில் இறக்கி வைக்கப்படுவது தாய்மொழி.

சென்ற ஆண்டு உட்லண்ட்ஸில் ஒரு தாயார் அத்தகைய அறிக்கையோடு என்னிடம் வந்தார். "தமிழை விட்டுட்டா பிள்ளைக்குப் பாரம் குறையுமா டீச்சர்?" என்று கேட்டார். மகனுக்கு டிஸ்லெக்சியா. நடத்தப்பட்ட சோதனைகள் யாவும் ஆங்கிலத்தில். வீட்டில் பாட்டியோடு அவன் பேசுவதோ தமிழ். தமிழ்ப் பத்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மெதுவாக வாசித்தான், ஆனால் சொற்களை ஊகித்துப் பாயவில்லை. 'கெ', 'கொ' வரும் இடங்களில்தான் தடுமாறினான். கொம்பை முதலில் எழுதுகிறோம், அதன் ஒலியையோ பின்னால் சொல்கிறோம். பெரியவர்கள் நாம் அதை மறந்துவிட்டோம்.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் ஒலியைப் பல வேளைகளில் சொல்லைத் தெரிந்துகொண்டே அறிய வேண்டியிருக்கிறது. தமிழில் 'க' கடல், தங்கம், அகம் என்று மூன்றிடத்தில் மூவகையாக ஒலித்தாலும், அது நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடும். 247 எழுத்துகளும் ல-ள-ழ வேறுபாடும் பாரமே; எனினும் அது வேறு வகைப் பாரம். ஆங்கில வாசிப்பை மட்டும் அளந்த அறிக்கையைக் கொண்டு தமிழைப் பற்றித் தீர்ப்பெழுத இயலாது.

ஆகவே அந்தத் தாயாரிடம் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். சோதனை எம்மொழியில் நடந்தது? வீட்டுமொழி பதிவு செய்யப்பட்டதா? தமிழில் எழுத்தறிதல், கேட்டுப் புரிதல், பேசுதல் ஆகியவற்றைத் தனித்தனியே யாரேனும் பார்த்தார்களா? இல்லையெனில், பிள்ளையின் தமிழாசிரியரிடம் எழுத்துப்பூர்வமான குறிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, விண்ணப்பத்திற்கு முன்பே உளவியலாளரிடம் கொடுக்கலாம். அத்தகைய குறிப்பு கேட்டு வரும் பெற்றோருக்கு ஓர் அரைமணி நேரம் ஒதுக்குமாறு சக ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்.