சாம்பல்மேல் இழுத்த கோடு

1945 ஆகஸ்ட் மாதத் தொடக்கம். தந்தை காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்ததும் டோக்கியோவிலிருந்து ரயிலேறினார் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே. அப்போது அவருக்கு 31 வயது. சொந்த ஊர் ஷிகோகு தீவிலிருக்கும் இமாபாரி. போர்க்கால ரயில்கள் எப்போது நிற்கும், எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. ஓனோமிச்சிக்கு வந்தபோது பயணிகளிடையே ஒரு பேச்சு அடிபட்டது: ஹிரோஷிமாமீது ஏதோ புதுவகைக் குண்டு விழுந்திருக்கிறதாம். கடலைத் தாண்டி ஊர் போய்ச் சேர்ந்தால், இமாபாரியும் கரிக்கட்டையாகக் கிடந்தது. ஆகஸ்ட் 5 இரவில் தொடங்கிய விமானத் தாக்குதலில் ஊர் எரிந்திருந்தது. அப்பாவுக்குக் கடன் செய்ய வந்தவருக்கு அம்மாவும் இல்லை.

ஹிரோஷிமா அவருக்கு அந்நியமான ஊரல்ல. உயர்நிலைக் கல்வி கற்றது அங்கேதான். அங்கே படிக்கும்போதுதான் ஒரு வெளிநாட்டுக் கலை இதழில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வரைந்த சோவியத் மாளிகையின் படங்களைப் பார்த்தார். கட்டப்படாமலே போன கட்டடம் அது. ஆனால் அந்தக் காகித மாளிகைதான் டாங்கேயைக் கட்டடக் கலைஞராக்கியது. பிறகு டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம். அதன்பின் குனியோ மயகாவாவின் அலுவலகத்தில் வேலை. மயகாவா பாரிஸில் லெ கொர்பூசியேயிடமே நேரில் தொழில் கற்றவர்.

1946-ல், நாசமான நகரங்களுக்கு மறுசீரமைப்புத் திட்டம் தீட்ட அரசு ஆட்களைத் தேடியபோது, ஹிரோஷிமாவை எனக்குக் கொடுங்கள் என்று டாங்கே தாமாகவே முன்வந்தார். அந்த மண்ணில் 75 ஆண்டுகளுக்குப் புல்கூட முளைக்காது என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருந்த நேரம் அது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் போனால் வரலாறு ஆகாது. 1942-ல், ஜப்பானியப் படைகள் ஆசியாவில் வென்றுகொண்டே போன காலத்தில், ‘மகா கிழக்காசியா’ என்ற பேரரசுக் கனவுக்கு நினைவுச் சின்னம் வடிவமைக்க ஒரு போட்டி நடந்தது. முதற்பரிசு டாங்கேக்கு. ஃபுஜி மலையடிவாரத்தில் விரிந்த திடல், ஈசே கோயிலின் கூரையைப் பெரிதாக்கிய மண்டபம், அதை டோக்கியோவோடு இணைக்கும் நெடுஞ்சாலை என்று படம் போட்டிருந்தார். போர் திசை மாறியது. படம் படமாகவே நின்றுவிட்டது.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1949-ல், ஹிரோஷிமா அமைதிப் பூங்காவுக்கான போட்டி. அதிலும் வென்றவர் டாங்கேதான். இரண்டு வரைபடங்களையும் பின்னாளில் அருகருகே வைத்துப் பார்த்த ஜப்பானிய விமர்சகர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே நேர்கோட்டு அச்சு. அந்த அச்சின்மேல் ஒழுங்காக அடுக்கிய அதே திடலும் மண்டபமும். போரைப் போற்றிய கைதான் அமைதியையும் வரைந்ததா என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோடு எங்கே போய் முடிகிறது என்றும் பார்க்க வேண்டும். பூங்காவுக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 30 ஏக்கர். குண்டு விழும்வரை கடையும் வீடுமாக நெருக்கியடித்திருந்த நாகாஜிமா பகுதி அது. டாங்கே தம் அச்சை அந்த எல்லைக்குள் நிறுத்தவில்லை. மொதோயாசு ஆற்றைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனார். அக்கரையில் நின்றது ஓர் இடிபாடு. செக் நாட்டு யான் லெட்செல் வடிவமைத்து 1915-ல் எழும்பிய தொழில் கண்காட்சிக் கூடம். குண்டு வெடித்த புள்ளிக்கு மிக அருகில் இருந்தும், குவிமாடத்தின் இரும்பு எலும்புக்கூடு சாயாமல் நின்றது. அதை இடித்துத் தள்ளுங்கள், பார்க்கவே முடியவில்லை என்று ஊரார் பலர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அதையே மூலவராக்கிப் பூங்காவின் பார்வை முழுவதையும் அதை நோக்கித் திருப்பினார் டாங்கே. ஃபுஜி அடிவாரத்தில் வெற்றி மண்டபத்தில் முடிய வேண்டியிருந்த கோடு, இங்கே எலும்புக்கூட்டில் முடிந்தது.

கோட்டின் தொடக்கத்தில் அருங்காட்சியகம். தரைத்தளத்தில் சுவரே கிடையாது, தூண்கள் மட்டும். கட்டடம் அவற்றின்மேல் மிதக்கிறது. அடியில் நடந்து போகிறவருக்கு எதிர்ப்புறம் தடையின்றித் தெரியும். தூண்மேல் வீடு என்பது லெ கொர்பூசியேயின் பாடம். ஈரத்துக்குப் பயந்து தரையைவிட்டு உயர்த்திய பழைய ஜப்பானியக் களஞ்சியங்களின் பாடமும் அதுவே. வேலை தொடங்கியது 1951-ல். பணத் தட்டுப்பாட்டால் பலமுறை இழுபறி. அக்காலப் புகைப்படங்களில் பூச்சில்லாத கான்கிரீட் தூண்கள் கல்லறைக் கற்களுக்கு நடுவே முளைத்து நிற்கின்றன. 1955-ல்தான் திறக்க முடிந்தது.

இடையில் ஒரு கசப்பு. நடுவே அமைய வேண்டிய நினைவுச் சின்னத்தைச் சிற்பி இசாமு நொகுச்சியிடம் ஒப்படைத்திருந்தார் டாங்கே. நொகுச்சியின் தந்தை ஜப்பானியர், தாய் அமெரிக்கர். பூங்காவை ஒட்டிய பாலங்களின் கைப்பிடிச் சுவர்களை நொகுச்சி வடித்ததில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. இறந்தவர்களுக்கான சின்னம் என்று வந்தபோது பூங்காத் திட்டக் குழு மறுத்துவிட்டது. குண்டு போட்ட நாட்டுக்காரர் கையால் வேண்டாம் என்பதே காரணம் எனப் பரவலாகப் பேசப்பட்டது. குறைந்த நாட்களில் டாங்கேயே ஒன்றை வரைந்தார்: பழங்காலச் சமாதிகளில் கிடைத்த சுடுமண் வீட்டு பொம்மையின் கூரைபோல, குதிரைச் சேணம்போல வளைந்த ஒரு கான்கிரீட் வளைவு. அடியில் ஒரு கற்பேழை. அதற்குள் மாண்டவர்களின் பெயர்ப் பட்டியல். 1952 ஆகஸ்ட் 6 அன்று திறந்தார்கள். அந்த வளைவுக்கு முன் நின்று குனிந்தால், அதன் வழியே குவிமாடம் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குவிமாடம் நிலைக்குமா என்பது அப்போதும் முடிவாகவில்லை. குழந்தையாக இருந்தபோது குண்டின் கதிர்வீச்சுக்கு ஆளாகி, 1960-ல் பதினாறு வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த ஒரு மாணவியின் நாட்குறிப்பு, அதைக் காப்பாற்றக் கோரிய இயக்கத்துக்கு உயிரூட்டியது. நகர மன்றம் பாதுகாப்புத் தீர்மானம் போட்டது 1966-ல். அதுவரை டாங்கேயின் கோடு, எந்த நாளும் காணாமல் போகக்கூடிய ஒன்றைச் சுட்டிக்கொண்டிருந்தது. இன்று அந்தக் குவிமாடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

பிறகு டாங்கேயின் பெயர் ஏறுமுகம்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காக யோயோகியில் நீச்சல் அரங்கம் கட்டினார். பொறியியல் யோஷிகாட்சு சுபோயுடையது. 126 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு தூண்களுக்கிடையே எஃகு வடங்களை இழுத்து, தொங்குபாலம்போலக் கூரையைத் தொங்கவிட்டார்கள். நிதி போதாமல், டாங்கே நேராக நிதியமைச்சர் ககுவெய் தனாகாவிடமே போய்க் கேட்டு வாங்கினார் என்பார்கள். பள்ளிச் சிறுவனாக அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்த கெங்கோ குமா, கட்டடக் கலைஞராவது என்று அப்போதே முடிவெடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். 2020 ஒலிம்பிக்குக்கான தேசிய அரங்கத்தை வடிவமைத்தவர் அந்தக் குமாதான்.

டாங்கேயின் பட்டறையில் வளர்ந்தவர்கள் தனிப் பட்டாளம். அராட்டா இசோசாகி, ஃபுமிஹிகோ மாகி, கிஷோ குரோகாவா ஆகியோர் அவர் நிழலில் பயின்றவர்கள். 1987-ல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் ஜப்பானியர் டாங்கே. பின்னர் மாகிக்கும் இசோசாகிக்கும் அது கிடைத்தது. கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையத்தில் இறங்கும் தமிழர்கள் குரோகாவாவின் கூரையடியில்தான் நடக்கிறார்கள். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்துக்கு நிற்கும், முன்பு ஓ.யு.பி. சென்டர் எனப்பட்ட கோபுரமும் யு.ஓ.பி. பிளாசாவும் டாங்கேயின் கை. புத்தர் பிறந்த லும்பினிக்கு 1978-ல் பெருந்திட்டம் முடித்துக் கொடுத்தவரும் அவரே. அந்தத் திட்டத்திலும் நடுவே ஒரு நீண்ட நேர்கோடு!

கண்ணாடிக் கோபுரங்களைவிட அவருடைய 1950களின் கான்கிரீட்டில்தான் உயிர் அதிகம் என்பேன். 1958-ல் முடிந்த ககாவா மாகாண அரசு அலுவலகம் அதற்குச் சான்று. சென்ட்ரிங் பலகையின் மரவரிகூட அழியாத கான்கிரீட். மாடிக்கு மாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உத்திர முனைகள். தச்சன் கட்டிய கோயிலைச் சிமென்டில் வார்த்ததுபோல இருக்கும். 2022-ல் அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக ஜப்பான் அறிவித்தது.

அதே ககாவாவில் டாங்கேயின் இன்னொரு படைப்பு உண்டு. படகு வடிவ உடற்பயிற்சி அரங்கம், 1964-ல் கட்டியது. கூரை ஒழுகி, நிலநடுக்கத்தைத் தாங்குமா என்ற சந்தேகமும் எழ, 2014-ல் பூட்டினார்கள். பழுதுபார்க்க ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். ஏலம் மீண்டும் மீண்டும் படியாமல் போனது. 2023-ல், இடித்துவிடுவதென மாகாண அரசு அறிவித்தது.