பூட்டும் குரலும்

நூற்களவைத் தடுக்கவென்று பதிப்பாளர் இட்ட மின்பூட்டு, பார்வையற்றவரையும் வெளியே நிறுத்தியது. 2009இல் அமேசன் நிறுவனத்தின் கிண்டில் கருவி நூல்களை உரக்கப் படித்துக் காட்டியது. ஒலிநூல் உரிமை பறிபோகிறதென்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது, நிறுவனம் பணிந்தது. பதிப்பாளர் விரும்பினால் அக்குரலை அடைக்கலாமென்றாயிற்று. கண்ணால் படித்தால் வாசிப்பு, காதால் கேட்டால் களவு போலும்!

அதற்கு மூவாண்டு முன்னரே, பார்வையற்ற அவுஸ்திரேலியரான மைக்கேல் கரன் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு மென்பொருளை ஆக்கத் தொடங்கி, இலவசமாகவே உலகுக்கு அளித்தார். தமிழையும் அது வாசிக்கும். ஆயினும் பூட்டிய கோப்புகள் பலவற்றின்முன் அதுவும் ஊமையே. 2013இல் பிறந்த மரக்கேஷ் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, அத்தகைய பூட்டு பார்வையற்றோரின் உரிமைக்குக் குறுக்கே நிற்கலாகாதென்றது. இலங்கை 2016இல் அதில் இணைந்தது. புத்தளக் கரையோரக் கரைத்தீவிலே பார்வையற்ற மாணவி ஒருத்திக்கு மென்பொருள் காசின்றிக் கிடைக்கும். பூட்டில்லாத பாடநூலை அவளிடம் சேர்ப்பது பாடசாலையின் கடன்.