யாருடைய அநாதைகள்?

மாத்தளையிலிருந்து நாலந்தா, தம்புள்ளை வழியாக வடக்கே செல்லும் பெருவீதியில் இன்று பேருந்திற் போவோர், இருமருங்கும் மிளகுக் கொடிகளையும் கொக்கோ மரங்களையும் கண்டு மகிழ்வர். ஏறத்தாழ இதே தடத்தில், கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையிலிறங்கிய தென்னிந்தியக் கூலிமக்கள் காடு கடந்து கால்நடையாக வந்தனர் என்பதை நினைப்போர் சிலரே. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழிநெடுகத் தின்றன. 1841 முதல் 1849 வரை எழுபதினாயிரம் பேர், அதாவது வந்தோருள் நாலில் ஒரு பங்கினர், மாண்டிருப்பர் என 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை 1849 இல் மதிப்பிட்டது. இத்தொகை சரியா, மிகையா என்பது பற்றி வரலாற்றாசிரியரிடையே வழக்குண்டு. பாதிக்குப் பாதி குறைத்துக் கொண்டாலும் கேள்வி குறைவதில்லை. இவர்களின் பிள்ளைகள் என்னவாயினர்?

அக்காலத்தில் வந்தோருட் பெரும்பாலோர் ஆண்கள். ஆகவே அநாதையான குழந்தை பலவேளைகளில் மாத்தளை வீதியோரத்தில் இல்லை. கடலுக்கு அப்பால், தஞ்சையிலோ திருச்சியிலோ ஒரு குடிசை வாசலில், கோப்பிப் பறிப்பு முடிந்து தகப்பன் திரும்புவான் என்று காத்துக்கொண்டிருந்தது. தான் அநாதை என்பதே அக்குழந்தைக்குத் தெரியாது. தெரிவிக்கும் கடமையும் எவருக்கும் இருந்ததில்லை.

இதே பத்தாண்டில் வேறொரு காட்சியைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவ மிஷனரியாகப் பணிசெய்து, 1836 இல் சென்னைக்கு மாறிய ஜோன் ஸ்கடர், 1842 இல் தாய்நாடாகிய அமெரிக்காவுக்குத் திரும்பினார். 1846 வரை ஊர் ஊராகத் தேவாலயங்களுக்குச் சென்று, குறிப்பாகச் சிறுவரைக் கூட்டிவைத்துக் கீழைநாட்டுப் பிள்ளைகளின் நிலையை எடுத்துரைத்தார். அவர் பேச்சைக் கேட்ட சிறுவர் தொகை இலட்சத்துக்கும் மேல் என்பர். அவர் சோம்பேறியுமல்லர், வஞ்சகருமல்லர், நோயாளர்க்கு உழைத்தவர். ஆயினும் சிறுவர்க்கென அவர் எழுதிய நூல்களைப் புரட்டுவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். விக்கிரக வழிபாடும் உடன்கட்டை ஏறுதலும் செடிற்காவடியும் அங்கே பக்கம் பக்கமாக வருகின்றன. கிழக்கின் குழந்தை துன்புறுவதற்குக் காரணம் அதன் பெற்றோர் கொண்ட சமயமே என்பது அவற்றின் துணிபு. கூலியும் கடனும் கப்பலும் சந்தைவிலையும் அத்துன்பக் கதையில் இடம்பெறவில்லை.

கேட்டிருந்தவர்களின் நாட்டிலோ, அதே நாளில், அடிமைத் தாயின் இடுப்பிலிருந்து குழந்தையைப் பிரித்து ஏலத்தில் விற்றுக்கொண்டிருந்தனர். ஸ்கடரை அனுப்பிய மிஷன் சங்கம் அடிமை உடைமையாளரின் காசையும் காணிக்கையாக ஏற்கலாமா என்ற வழக்கு அங்கே பெரிதாய் எழுந்தது. ஏற்கலாகாது என்றோர் 1846 இல் பிரிந்து தனிச் சங்கம் கண்டனர். கிறிஸ்தவருள்ளேயே மனச்சாட்சியுடையோர் இக்கேள்வியைக் கேட்டனர் என்பதை நம்மவருட் சிலர் மறந்துவிடுகின்றனர். உண்டியலில் விழும் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பது சமயத்துரோகமன்று.

காணிக்கை கொடுத்தவருக்கு ஒரு கைம்மாறும் இருந்தது. அமெரிக்க மிஷனார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, விடுதிப் பள்ளிகளையும், 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824 இல் உடுவில் மகளிர் பள்ளியையும் நிறுவினர். ஆண்டுதோறும் ஒரு பிள்ளையின் உணவுக்கும் உடைக்கும் பணம் அனுப்புவோர், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை இடலாம். இறந்த மகனின் பெயர், போதகரின் பெயர், ஊர்ப் பெரியவரின் பெயர் என்று கப்பலேறி வந்த பெயர்கள் தமிழ்ப் பிள்ளைகள்மேல் இறங்கின. தமிழ் கற்ற நாம் கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் மனப்பாடமாக ஒப்புவிக்கிறோம். அம்முன்னொட்டுக்கள் எங்கிருந்து வந்தன என்று எம்மாணவர் ஒருவரேனும் கேட்டதில்லை, நாமும் சொல்லிக்கொடுத்ததில்லை. இவ்விடுதிகளில் உண்டு படித்தோர் பெரும்பாலும் தாய்தந்தை உள்ளோர். தாய்தந்தை இட்ட பெயரை அவர்கள் கைவிடவுமில்லை. கறல் என்ற பெயரோடு விசுவநாதபிள்ளையும் நின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியருள் ஒருவராகவும் நின்றது. மிஷன் தந்த கல்வியின் மேன்மையை மறுப்பது நன்றிகேடு. பிள்ளையின் பெயரை விலைக்கு வைத்ததையும் அந்தக் கணக்கிலேயே எழுதவேண்டும்.

ஊருக்குத் திரும்பிப் பேசாதவர்களும் இருந்தனர். உடுவிற் பள்ளிக்கு 1840 இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் நாற்பதாண்டுக்கு மேல் இம்மண்ணில் வாழ்ந்து 1883 இல் இங்கேயே கண்மூடினார்; ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குப் போகவில்லை. ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைச் சொல்வர். அவருடைய மாணவியர் பலருக்குத் தாய் இருந்தாள். அதை அவர் அறிந்தேயிருப்பார்.

மலைநாட்டுக்கு மீள்வோம். கண்டி, மாத்தளைப் பகுதிக் கோப்பித் தோட்டங்களில், 1850களின் நடுவிலே, தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரால் ஆங்கிலத் திருச்சபைப் பணி தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசிமார் வந்தனர். தோட்டத் துரைமாரின் சந்தாவே அவர்களுக்கு ஊன்றுகோல். லயத்தருகே முதன்முதல் ஏடு திறந்து எழுத்தறிவித்தவருள் இவர்கள் முன்னிற்பவர். அதற்காக இம்மலைநாட்டு ஆசிரியர் நாம் தலைவணங்குகிறோம். ஆனால் சந்தா கொடுத்த துரையின் பெரட்டுக்களத்தைப் பற்றியும், கங்காணியின் முற்பணக் கடனைப் பற்றியும், கடன் தீரும்வரை ஆளைக் கட்டிவைத்த துண்டு முறையைப் பற்றியும் அதே சந்தாவில் வாழ்வோர் எவ்வளவு உரக்கப் பேசமுடியும்? துண்டு முறை ஒழிந்தது 1921 இல். தகப்பனை இழந்த தோட்டத்துப் பிள்ளை அதுவரை பெரும்பாலும் விடுதியைக் காணவில்லை. அரைப்பேருக்கு மலையேறியது, மாமனோ சித்தப்பனோ வீட்டில் இன்னொரு வயிறாக வளர்ந்தது. தன்னை அநாதையென்று எண்ண அதற்கு ஓய்வும் இல்லை.

விடுதி வந்தபோது அது வேறொரு வகைப் பிள்ளைக்காக வந்தது. 1924 இல் நுவரெலியாவில் ஆர்னல்ட் பெயிண்டர் என்ற மிஷனரி நிறுவிய இல்லத்திற் சேர்ந்தோருட் பலர், வெள்ளைத் துரைக்கும் இந்நாட்டுப் பெண்ணுக்கும் பிறந்தவர்கள். கண்டி திரித்துவக் கல்லூரிக் கோயிற் சுவரில் சித்திரம் தீட்டிய டேவிட் பெயிண்டர் இவருடைய மகனே. இந்தியாவிலும் இதே கதைதான். கலிம்பொங்கில் ஸ்கொத்லாந்து மிஷனரி கிரகாம் 1900 இல் தொடங்கிய இல்லத்துக்கு அசாம், டார்ஜிலிங் தேயிலைத் துரைமாரின் பிள்ளைகள் வந்தனர்; 1908 முதல் 1938 வரை ஏறக்குறைய 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். கிரகாமை அவருடைய தாய்ச்சபை 1931 இல் தன் பேரவைத் தலைவராக்கிப் போற்றியது. போற்றத்தக்கவரே. பிறர் கண்டும் காணாதிருந்த பிள்ளைகளை அவரும் பெயிண்டரும் கண்டனர்.

ஆனாலும் இந்த 'அநாதை'களில் பலருக்குத் தந்தை பங்களாவில் மாலைத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். தாய் கொழுந்துக் கூடையுடன் மலையில் நின்றாள். பிள்ளையைத் திரும்பக் கேட்க அவளுக்கு வாயில்லை. இதைத் தாய்நாட்டு ஆலயத்தில் உள்ளவாறு உரைத்தால், கேட்டிருக்கும் வரிசையிலேயே சிலரின் தலை கவிழும். 'அநாதை' என்ற சொல் எவர் தலையையும் கவிழ்ப்பதில்லை. கண்ணீரை மட்டும் வருவிக்கும். கண்ணீர் உண்டியலை நிரப்பும்.

எம் வகுப்பில், சிறுவர் இல்லமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். தகப்பன் இல்லை. தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். இல்லத்துக்கு வெளிநாட்டு விருந்தினர் வந்தால் அவள் பாடவேண்டும். குரல் நல்ல குரல். இலங்கையின் சிறுவர் இல்லங்களில் இருப்போருட் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உண்டென்றும், வறுமையே அவர்களை அங்கே சேர்த்ததென்றும் ஆய்வாளர் எழுதியிருப்பதை நாம் படித்திருந்தோம். ஆனாலும் விருந்தினர் போன மறுநாள் அவள் எம் மேசையருகே வந்து, "சேர், அவங்க என்னைய அநாதைன்னு சொன்னாங்க. அம்மா வெள்ளிக்கிழமை போன் எடுத்தாங்களே?" என்று கேட்டபோது உடனே விடைசொல்ல வரவில்லை.

அவ்வாண்டு இல்லத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. 'அநாதை' என்ற கட்டத்தில் முன்பே அடையாளமிட்டு, எம் கையொப்பத்துக்காக அனுப்பியிருந்தனர். நாம் அடையாளத்தை வெட்டி, கீழே தாயின் பெயரையும் அவள் வேலைசெய்யும் ஊரையும் எழுதி அனுப்பினோம். படிவம் திரும்பி வந்திருக்கிறது. பெயரை நீக்கித் தருமாறு கேட்கிறார்கள்.