பாப்3

சர்வரில் வந்து கிடக்கும் மின்னஞ்சலைப் பயனர் தம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் நெறிமுறை. ‘அஞ்சலக நெறிமுறை, மூன்றாம் பதிப்பு’ என்பது பெயரின் விரிவு. அஞ்சல் மென்பொருளில் ‘உள்வரும் சர்வர்’ என்ற இடத்தில் சர்வர் பெயர், போர்ட் எண், கடவுச்சொல் என்று நிரப்புவது பெரும்பாலும் இதற்காக, அல்லது இதன் போட்டியாளரான ஐமேப்புக்காக.

ஆரம்பத்தில் இறக்கும் வேலையே இல்லை; பெரிய கணினிக்குள் டெர்மினல் வழியே நுழைந்து அங்கேயே படித்தார்கள். 1980களில் மேசைக் கணினி பரவியதும் சிக்கல் எழுந்தது. இரவில் அணைத்துவிடும் கணினிக்குக் கடிதம் எப்படி வந்து சேரும்? தூங்காத சர்வர் ஒன்று வாங்கி வைக்கட்டும், கணினி விழித்ததும் போய் எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் 1984 அக்டோபரில் எழுதிய முதல் வரையறை அஞ்சல்பெட்டியை ஒட்டுமொத்தமாக அனுப்பியது. 1985 பிப்ரவரியில் இரண்டாம் பதிப்பு வந்தது. மூன்றாவதை 1988 நவம்பரில் மார்ஷல் ரோஸ் வெளியிட்டார். அவரும் ஜான் மையர்ஸும் 1996 மே மாதத்தில் தந்த ஆர்எஃப்சி 1939 என்ற வரையறை ஆவணம்தான் இன்றும் அடிப்படை.

இதன் உரையாடல் வேடிக்கையான அளவுக்கு எளிமை. போர்ட் 110இல் கதவைத் தட்டினால் சர்வர் ‘+ஓகே’ என்கிறது. ‘யூசர்’, ‘பாஸ்’ என்ற கட்டளைகளில் பெயரும் கடவுச்சொல்லும் போகின்றன. ‘ஸ்டாட்’ என்றால் எத்தனை கடிதம், மொத்தம் எத்தனை பைட் என்று பதில் வரும். ‘ரெட்ர் 1’ முதல் கடிதத்தைக் கொண்டுவரும். தனி வரியில் ஒற்றைப் புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது. ‘டெலி 1’ அதை அழிக்காது, அடையாளமிட்டு வைக்கும். ‘க்விட்’ சொன்ன பிறகே கடிதம் நிஜமாகப் போகும். நடுவில் இணைப்பு அறுந்தால் ஒரு கடிதமும் தொலையாது. அடிக்கடி அறுந்த டயல்-அப் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைத்திருக்காது.

இந்நெறிமுறையை வீடுகளுக்குக் கொண்டுபோன அஞ்சல் மென்பொருள்களில் யுடோரா முக்கியமானது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1988இல் அதை எழுதிய ஸ்டீவ் டார்னர், அஞ்சலகத்திலேயே குடியேறும் பெண்ணைப் பற்றிக் கதை எழுதிய யுடோரா வெல்டியின் பெயரை அதற்குச் சூட்டினார்.

ஒருவருக்கு ஒரே கணினி என்று பாப்3 நம்பியது. அலுவலகத்தில் இறக்கிய கடிதம் வீட்டில் இல்லாமல் போனதற்குக் காரணம் அதுதான். ‘சர்வரில் ஒரு பிரதியை விட்டுவை’ என்ற டிக் கட்டம் இந்தக் குறைக்குப் போட்ட ஒட்டு. எது ஏற்கெனவே இறக்கியது என்று தெரிய, கடிதத்துக்கு நிலையான அடையாளம் தரும் ‘யூஐடிஎல்’ கட்டளையும் பிறகு சேர்ந்தது. மார்க் கிறிஸ்பின் 1986இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய ஐமேப், கடிதங்கள் சர்வரிலேயே இருக்கட்டும் என்றது. கைபேசி வந்தபின் அந்தப் பக்கமே காற்று வீசியது. ஜிமெயில் 2004இல் பாப் வசதியும் 2007இல் ஐமேப்பும் தந்தது.

கடவுச்சொல் திறந்த வரியாகப் போவது பெரிய ஓட்டை. அதை அடைக்க மறையாக்கம் வந்தது. மறையாக்கிய பாப்3க்கு போர்ட் 995, ஐமேப்புக்கு 993. கடவுச்சொல் கட்டமே இப்போது மறைந்துவருகிறது. 2022 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் வெறும் கடவுச்சொல்லால் அஞ்சல் எடுப்பதை நிறுத்தத் தொடங்கியது. அத்தகைய கணக்கைச் சேர்த்தால், மென்பொருள் உள்நுழைவுச் சாளரம் ஒன்றைத் திறந்து அனுமதி கேட்கிறது.